இடது காலுக்குப் பட்டுச் சால்வை

நில்லாஸின் கூடாரத்துக்குப் பெண் கேட்டுப் போகிறவன் சவரம் செய்துகொள்ளாமல்கூடப் போகலாம், காலில் ஈரத்தோடு மட்டும் போகக் கூடாது. பனிமான் மேய்க்கிற அத்தனை குடும்பங்களுக்கும் இது தெரியும். அவருக்கு இடது காலில் இரண்டு விரல்கள் கிடையாது. இளவயதில் ஒரு பயணத்தில் குளிர் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து யார் வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம்.

போன குளிர்காலத்தில் அவர் மகள் ரிஸ்தெனைக் கேட்டு ஒருவன் வந்தான். நல்ல வசதிக்காரன். அவன் பூட்ஸைக் கழற்றியபோது, உள்ளே திணித்திருந்த கோரைப்புல்லில் குதிகால் பக்கம் உறைபனி மினுங்கியது. "தன் காலு நனைஞ்சதே தெரியல. எம்பொண்ணு அழுதா மட்டும் தெரியுமாக்கும்?" என்று காபி கொதிப்பதற்கு முன்பே அனுப்பிவிட்டார்.

அதனால் ரிஸ்தெனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட அஸ்லாக் கோடையிலேயே தயாராக ஆரம்பித்தான். சதுப்பில் முழங்கால் தண்ணீரில் கொசுக்கடியோடு நின்று கோரை அறுத்தான். கட்டையால் அடித்து, வாரி வாரி, குழந்தையின் தலைமுடி போல மெத்தென்று ஆக்கினான். மான்தோல் பூட்ஸுக்குள் வெறுங்காலைச் சுற்றி அந்தக் கோரையைக் கூடு மாதிரி வைத்துக்கொண்டால், எந்தக் குளிரும் உள்ளே எட்டிப் பார்க்காது. ராத்திரி எடுத்து உதறிக் காயவைத்து, காலையில் திரும்ப வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவில்தான் கோட்டை விட்டான்.

குளிர்காலம் வந்ததும், பெண் பேச அவனோடு பனிச்சறுக்கு வண்டியில் வந்தவர் தாய்மாமா மத்திஸ். வழியில் பயணிகள் தங்கும் குடிசையில் இரவு தங்கினார்கள். அடுப்புக்கு மேலிருந்த கம்பியில் முன்னால் வந்தவர்களின் கோரை வரிசையாகத் தொங்கியது. மிச்சமிருந்த கொஞ்சம் இடத்தை மாமா பிடித்துக்கொண்டார். "உன்னோடத வெளிய வண்டி மேல போடுடா. குளிர்ல ஈரம் உறைஞ்சிரும், காலைல ஒரு உதறு உதறினா பொலபொலன்னு கொட்டிரும்" என்றார். அஸ்லாக்கும் போட்டான்.

காலையில் மற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அஸ்லாக் வெளியே வந்தபோது வண்டி இழுக்கிற மான் வெள்ளைமூக்கன், கண்ணை மூடி நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. வாயோரத்தில் ஒரே ஒரு கோரை இழை.

"மாமா! தின்னுடுச்சு மாமா!"

மாமா வந்து பார்த்தார். "ஒரு நாள் பூரா உன் வேர்வை ஊறின புல்லு. உப்புன்னா அதுக்கு உசுராச்சே. நீயே பரிமாறி வெச்சிருக்க."

"நீங்கதானே வெளிய போடச் சொன்னீங்க!"

"போடத்தான் சொன்னேன். மானுக்கு எட்டுற மாதிரியா போடச் சொன்னேன்?"

மாமா தன் கோரையிலிருந்து பெரிய மனசு பண்ணி ஒரு பிடி கொடுத்தார். அது வலது காலுக்குத்தான் போதுமானதாக இருந்தது. அஸ்லாக் மாமாவின் கழுத்திலிருந்த கம்பளித் துண்டைப் பார்த்தான்.

"அதப் பாக்காத. பேசப் போறவன் நான். எனக்குத் தொண்டை கட்டிக்கிட்டா ஊமைப் பாஷையிலயா பொண்ணு கேக்கறது?"

பையில் இருந்தவை காய்ந்த இறைச்சி, காபிக்கொட்டை, அப்புறம் ரிஸ்தெனுக்காக வாங்கிய பட்டுச் சால்வை. நீலமும் சிவப்புமாக, நீண்ட குஞ்சம் வைத்தது. நாலு மான் விற்று வாங்கியது.

"பட்டு நல்ல கதகதப்புடா" என்றார் மாமா.

"மாமா!"

"கருத்த விரலோட போறியா, கசங்கின சால்வையோட போறியா? போய்ச் சேர்றதுக்கு முன்னாடி எடுத்துரலாம்."

எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார்கள். ஆனால் கடைசி மேடு ஏறியதும், இறக்கத்தைக் கண்ட வெள்ளைமூக்கன் பிய்த்துக்கொண்டு ஓடி, நேராக நில்லாஸின் கூடார வாசலில் போய் நின்றது. மொத்தக் குடும்பமும் வெளியே நின்றிருந்தது.

"ரொம்ப அவசரம் போல மாப்பிள்ளைக்கு" என்றாள் நில்லாஸின் மனைவி பிரெத்.

உள்ளே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாமா கெட்டிலை எடுத்து, "அண்ணே, எங்க காபிய இந்த அடுப்புல வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். வைக்கச் சொன்னால் சம்மதம் என்று அர்த்தம். நில்லாஸ் அஸ்லாக்கின் பூட்ஸைப் பார்த்தார்.

"ரிஸ்தென், தம்பி பூட்ஸக் கழட்டிக் கோரையக் காயப் போடு."

வேண்டாம் என்றால் இப்போதே கிளம்புகிறேன் என்று ஆகிவிடும். அஸ்லாக் காலை நீட்டினான். ரிஸ்தென் அவன் முன்னால் மண்டியிட்டு வலது காலை அவிழ்த்தாள். ஒரு பிடிக் கோரை. இடது பூட்ஸின் மேல் கட்டியிருந்த பட்டையைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்து, உள்ளே கையை விட்டவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னது இது?" உதடு மட்டும்தான் அசைந்தது.

"கோரைய மான் தின்னுடுச்சு."

"அப்ப இது?"

"உனக்குத்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தான். பிறகுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்கப் படாத பாடு படுகிறாள்.

"ஈரமா?" என்றார் அப்பா பின்னாலிருந்து.

"இல்லப்பா. காலு நல்லா காஞ்சிருக்கு." அது பொய்யில்லை. முதுகால் மறைத்தபடியே சால்வையை உருவி மடிக்குள் சுருட்டினாள். தன் மூட்டையிலிருந்து மெல்லிய கோரையை எடுத்து, அவன் இரண்டு பூட்ஸிலும் அவளே வைத்துக் கட்டினாள்.

பிரெத் கவனித்தாள். "கூடப்பிறந்த அண்ணனுக்கே குடுக்காத கோரை" என்று நெருப்பிடம் சொன்னாள்.

மாமா பேச ஆரம்பித்தார். பையனின் மந்தை, குணம், குறட்டை விடாத தூக்கம் எல்லாம் சொன்னார். வேகத்தில், "இதோட, பொண்ணுக்குன்னு பட்டுச் சால்வை ஒண்ணு..." என்று வந்து, நின்றார்.

"எங்க?" என்றார் நில்லாஸ்.

மாமாவுக்குக் கம்பளித் துண்டு இருந்தும் தொண்டை கட்டிக்கொண்டது.

"இங்கப்பா." ரிஸ்தென் சால்வையை உதறித் தோளில் போட்டாள். ஆயிரம் சுருக்கம். குஞ்சமெல்லாம் முடிச்சு.

பிரெத் மூக்கை உறிஞ்சினாள். "என்னடி வாசனை?"

"கடை வாசனம்மா. புதுசில்லையா."

"எந்தக் கடை, செருப்புக் கடையா?"

ரிஸ்தென் எழுந்து வெளியே போனாள். வந்தவனுடைய மானைப் பெண்ணே அவிழ்த்துவிட்டால் அதுதான் அவளுடைய சம்மதம். அஸ்லாக்குக்குக் காது சூடானது. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள்.

அவள் வாரைத் தொட்டதுதான் தாமதம், வெள்ளைமூக்கன் சால்வையை முகர்ந்தது. ரொம்ப நாள் பழகிய வாசனை. குஞ்சத்தைக் கவ்வி மெல்ல ஆரம்பித்தது.

"விடு! விடுடா!" அவள் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுத்தது. அஸ்லாக் ஓடி மானின் வாய்க்குள் கையை விட்டான். ஒரு மூலை போனது போனதுதான்.

நில்லாஸ் நொண்டி நொண்டி வந்து சால்வையின் நுனியை மோந்து பார்த்தார்.

"எந்தக் காலு?"

"இடது, மாமா" என்றான் அஸ்லாக்.

"உள்ள வா. காட்டு."

அவனை உட்காரவைத்து, இடது கால் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எல்லாமே சிவப்பாக, சூடாக இருந்தன. சுண்டுவிரலைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார்.

"பையில புத்தம்புதுசா பட்டு. அத எடுத்துக் கால்ல சுத்திக்கணும்னு யாருக்குடா புத்தி வரும்?" என்று முணுமுணுத்தார்.

"உங்களுக்கு வரல" என்றாள் பிரெத். "என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப இவரு பூட்ஸு நனைஞ்சிருச்சு. பையில எனக்குன்னு வாங்கின கம்பளி. பிரிச்சா மடிப்புக் கலையுமாம். மடிப்புக் கலையாமக் கொண்டுவந்து குடுத்தாரு, ரெண்டு விரல வழியில விட்டுட்டு."

"அந்தக் கம்பளி எங்கம்மா?" ரிஸ்தெனுக்கு இது புதுச் செய்தி.

பிரெத் கதவோரம் கை காட்டினாள். நாய் அதன்மேல் சுருண்டு படுத்திருந்தது.

நில்லாஸ் கனைத்துக்கொண்டார். அஸ்லாக்கின் பூட்ஸை எடுத்து, மகள் வைத்த கோரையை விரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு அவனிடம் கொடுத்தார். பிறகு மத்திஸ் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கெட்டிலக் கையில வெச்சுக்கிட்டு எவ்ளோ நேரம்யா நிப்ப? அடுப்புல வை."