பிரமிட்டு சரிந்த நேரம்

"அப்பாவின்ரை உயிர் போன நேரத்தைச் சரியாச் சொல்லும் தம்பி. இண்டைக்கு ஒண்டே முக்காலோட ஏகாதசி முடிஞ்சுது. திதி பிழைச்சால் வருசா வருசம் திவசமும் பிழைச்சுப்போம்" என்று ஐயர் போனில் சொன்னபோது, சசிகரன் குசினிக்குள் சீனிப் போத்தலைத் தேடிக்கொண்டிருந்தான்.

"பாத்துச் சொல்லுறன் ஐயா."

எதைப் பார்ப்பது? மத்தியானம் முழுக்க அவன் பார்த்தது தொலைக்காட்சியைத்தான்.

அம்மா காலையில் ஊர்காவற்றுறைக்குக் கிளினிக் போகும்போது, "அப்பாவைப் பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மாதக்கணக்காக அப்பாவைக் கழுவித் துடைத்தவன் அவன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அன்றைக்கென்று தமிழில் குரல் கொடுத்த ஒரு படம் போனது. உலகத்துப் பழைய பிரமிட்டுகள் எல்லாம் வேற்றுக்கிரகத்தார் புதைத்து வைத்த இயந்திரங்களாம். ஒவ்வொன்றாக விழித்து வானத்துக்கு நெருப்பைக் கக்க, பூமி பிளக்கிறது. தொலைக்காட்சிக்கென்றே மலிவாக எடுத்த படம். பிரமிட்டுகள் பிஸ்கட் பெட்டிபோல ஆடின. நல்ல படமாவது பார்த்திருக்கலாம்.

பின்னால் கட்டிலில் அப்பா, "சசி" என்றார்.

"இந்தா வாறன் அப்பா" என்றவன் திரும்பவில்லை.

அப்பாவின் தொண்டை இழுத்துக்கொண்டேயிருந்தது. பெரிய பிரமிட்டு சரிந்தபோது அந்த இரைச்சல் நின்றது. படத்தில் பேசுவது தெளிவாகக் கேட்டது. அப்பாடா, மனுசன் நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து, உலகம் தப்பும்வரை இருந்து பார்த்தான். படம் முடிந்து கட்டிலுக்குப் போனபோது அப்பாவுக்கு மூச்சு இல்லை.

பின்வீட்டு அன்ரனிட்டா அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் கத்தியதும் முதலில் ஓடி வந்தவள் அவள்தான்.

"அக்கா, மத்தியானம் நீங்களும் அந்தப் படம் பாத்தனீங்களோ?"

"எந்தப் படம்?"

"பிரமிட்டுகள் நெருப்புக் கக்கிறது."

"ஓம்."

"அந்தப் பெரிய பிரமிட்டு சரியேக்க எத்தினை மணி இருக்கும்?"

செத்தவீட்டில் கேட்கிற கேள்வியா என்பதுபோல அவள் நிமிர்ந்து பார்த்தாள். சசிகரன் நிலத்தைப் பார்த்தான். அவள் அடுப்பைத் தணித்தாள்.

"அது சரியேக்கதான் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையள் எங்கட ஒழுங்கையால கத்திக்கொண்டு போச்சினம். படம் கேக்கேல்லை எண்டு அப்பதான் சத்தத்தைக் கூட்டினனான்" என்றாள். "பள்ளிக்கூடம் விடுறது ஒண்டரைக்கு."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது ஏசியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பின்னேரம் ஐயர் வந்து கதிரையில் இருந்தார். "மார்க்கண்டர் ஏகாதசியில போயிருக்கிறார், புண்ணியவான்" என்று வந்திருந்த ஆட்களுக்குச் சொன்னார். "கன வீட்டில நேரம் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மகன் பக்கத்திலயே இருந்தபடியால்தான் இவ்வளவு சரியாச் சொன்னவர்."

ஆட்கள் தலையை ஆட்டினார்கள். தேத்தண்ணித் தட்டோடு நின்ற அன்ரனிட்டா வாசற்படலைப் பக்கம் பார்த்தாள்.

அம்மா, "சசி, இஞ்ச வா" என்றாள். அவன் போய்ப் பாயில் குந்தினான்.

"கடைசியா உன்னைக் கூப்பிட்டவரோ?"

"ஓம் அம்மா."

"அப்பாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டோ இருந்தனீ?"

ஐயர் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம்" என்றான்.

அம்மா அவனுடைய வலக்கையை எடுத்துத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு விடவில்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அந்தக் கை அம்மாவின் மடியிலேயே கிடந்தது.