டயல் இல்லாத வருஷம்

விலை உயர்ந்த கைக்கடிகாரங்களின் டயல்கள் உலகம் முழுக்க நீலத்திலிருந்து பச்சைக்கு மாறிய வருஷம், ஒத்தக்கடையில் வீட்டுமனை போட்டு விற்கும் சூரியபிரகாஷின் இடது கையும் பச்சையாக மாறியது. முதலில் நகங்கள், பிறகு உள்ளங்கை, சித்திரை முடிவதற்குள் முழங்கை வரை. அவன் கட்டியிருந்த வாட்ச் நீல டயல்தான். முந்தைய வருஷம், நீலம் உச்சத்தில் இருந்தபோது, மதுரைக் கடை ஒன்றில் ஆசை ஆசையாக வாங்கியது. வாட்ச் நீலமாகவே இருந்தது; கைதான் பாஷனோடு போனது. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் நிறம் இறங்கவில்லை. அரிப்பு இல்லையென்றால் கவலை வேண்டாம் என்று தோல் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். சூரியபிரகாஷுக்கு உள்ளூரப் பெருமை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மனைகளைக் காட்டினான். ராசியான கை என்று வாங்க வந்தவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பயந்தவள் அவன் மனைவி ரோகிணிதான். அவள் பக்கத்துக் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள். நிறத்தைவிட அது ஊர்ந்த திசைதான் அவளைப் பயமுறுத்தியது. அடுத்த வருஷம் டயல்கள் கொய்யாப்பழத்தின் உட்சதை நிறத்துக்குப் போயின. அவன் கையும் அந்த நிறமாகித் தோளைத் தொட்டது. அதற்கடுத்து மயில்கழுத்து நிறம் வந்தபோது தோளைத் தாண்டி நெஞ்சுக்கு இறங்கியது. டி. கல்லுப்பட்டியிலிருந்து பார்க்க வந்த அவன் அக்கா பாண்டிமீனா, தம்பியின் சட்டையை விலக்கிப் பார்த்தாள். "ஏத்தா, விஷம் ஏறுற மாதிரியில்ல ஏறுது!" என்றாள். அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கருப்பசாமி சந்நிதிச் சந்தனத்தை நெஞ்சில் பூசினாள். பூசின சந்தனமும் சற்று நேரத்தில் மயில்கழுத்து நிறமாகிவிட்டது.

திரும்பி வந்த அன்றே ரோகிணி அந்த வாட்சை எடுத்துப்போய்க் கண்மாயில் வீசினாள். அதன்பிறகு அங்கே வலை போட்டவர்களுக்கு மயில்கழுத்து நிறக் கெண்டைகள் கிடைத்தன. ருசியில் மாற்றமில்லை, விலையும் அதேதான். சூரியபிரகாஷ் அவளைத் திட்டவில்லை. வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "எனக்கும் பயமாத்தான் இருக்கு ரோகிணி. வெளிய யார்ட்ட போய்ச் சொல்ல?" என்றான். அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைக்கு மாறினான். வாட்ச் போயும் நிறம் போகாததால், கல்லூரி வராந்தாவில் நின்றபடி ரோகிணி அதை வாங்கிய மதுரைக் கடைக்குப் போன் செய்தாள். எடுத்தவன் விற்பனையாளன் கிரீஷ்.

"வர்ற வருஷம் என்ன கலருப்பா வருது?"

"கலரே இல்ல மேடம்! டயலையே எடுத்துட்டாங்க. உள்ள ஓடுறது அம்புட்டும் அப்படியே தெரியும். பாக்கவே பயங்கரமா இருக்கும் மேடம்."

அவள் போனை வைத்துவிட்டு, அடுத்த வகுப்பை விட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

தை பிறந்ததும் நிறம் வெளிறத் தொடங்கி, மாசியில் நெஞ்சு கண்ணாடியாகிவிட்டது. விலா எலும்புகளுக்குப் பின்னால் அவன் இதயம் சுருங்கி விரிவது, மீன்தொட்டிக்குள் பார்ப்பதுபோல் தெரிந்தது. அவன் கண்ணாடி முன் நிற்பதை விட்டான். அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாடிப்படி ஏறினால் அது ஓடியது. மனை வாங்க வந்தவரிடம் போனில் புளுகினால் தடுமாறியது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் வேகம் கூட்டியது, அது இருவருக்கும் கூச்சமாக இருந்தது. இம்புட்டுச் சின்னதை நம்பியா ஒரு மனுஷன் நடமாடுகிறான் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. லீவு போட்டுவிட்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அவன் சட்டையில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இதயத்தின் ஒரு ஓரம் வெளுத்து, அசையாமல் நிற்பதை அவள் கண்டாள்.

"எந்திரிங்க."

"ஏன்? ரசத்தை ஊத்து."

"உங்களுக்கு வலிக்கலையா?"

"ஒண்ணும் இல்லையே."

எச்சில் கையோடு அவனைக் காரில் ஏற்றி, மேலூர் ரோட்டில் லாரிகளுக்கு ஊடே ஓட்டினாள். ரோட்டைப் பார்ப்பதா, நெஞ்சைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் எதுவும் கேட்கவில்லை. குனிந்து பார்த்து, பேனா நுனியால் சுட்டி, "இந்தா, இந்தக் குழாய்லதான் அடைச்சிருக்கு" என்றார். அடைப்பை எடுத்ததும் வெளுத்த ஓரம் சிவந்து அசைந்ததை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அவளும் பாண்டிமீனாவும் பார்த்தார்கள்.

மறுவருஷம் டயல்கள் வெள்ளைக்குப் போயின. அவன் நெஞ்சு அதோடு போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. டீக்கடையில் தெரிந்தவர்கள் சட்டையை விலக்கச் சொல்லி எட்டிப் பார்த்து, "நல்லா ஓடுதுண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார்கள். ரோகிணிக்குப் பயம் தீரவில்லை. தினமும் காலையில் அவன் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, மேல் பொத்தான்களைக் கழற்றி, மனசு அமைதியாகும்வரை பார்ப்பாள். பிறகு பொத்தானைப் போட்டுவிடுவாள்.

"சரி, போயிட்டு வாங்க."

"வாரேன்" என்பான்.