நூற்றுப் பதினேழாவது வாக்குறுதி

நான் இருபத்தாறு வருடங்களாகக் கட்சியில் நூற்றுப் பதினேழாவது வாக்குறுதியாக வேலை பார்க்கிறேன். நொச்சித்திட்டு கிராமத்திலிருந்து அக்கரைக்குப் போக ஆற்றின் குறுக்கே கட்டப்படும் பாலம் நான். இதுவரை ஆறு தேர்தல்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றில் வென்றோம்.

வேலை கடினமானதல்ல. தலைவர் தேர்தல் அறிக்கையை வாசிக்கும்போது நாங்கள் ஐந்நூறு பேரும் மேடைக்குப் பின்னால் வரிசையில் நிற்போம். எண்ணைச் சொன்னதும் முன்னால் வந்து கைகூப்ப வேண்டும். கூட்டம் கைதட்டும். அடுத்தவர் வருவார். வென்ற பிறகு தலைநகரத்தில் உள்ள கட்சி அலுவலகத்தின் முதல் மாடிக் கூடத்தில் உட்கார்ந்திருப்போம். நாற்காலிகள் முன்னுரிமைப்படி போடப்பட்டிருக்கும். முதல் இரண்டு வரிசைகளுக்கு மின்விசிறி உண்டு. என்னுடையது ஒன்பதாவது வரிசை. மாதத்துக்கு ஒருமுறை ஓர் அதிகாரி வந்து வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். அதற்குப் பரிசீலனை என்று பெயர். சிலர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அது தீவிரப் பரிசீலனை.

படிப்படியாக மதுவிலக்கு என்ற வாக்குறுதியாக இருப்பவர் அரங்கசாமி ஐயா. அவருக்குக் கூடத்தில் நாற்காலி கிடையாது. வருடத்துக்கு ஒரு படி வீதம் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். போன சித்திரையில் இருபதாவது படிக்கு வந்துவிட்டார். மேலிருந்து பார்த்தால் அவருடைய வழுக்கை தெரியும். அப்போது மாடிப்படிக்குப் புதிய கல் பதிக்க வேண்டும் என்று சொல்லி அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். கல் பதித்து முடிந்ததும் முதல் படியிலிருந்து தொடங்கினார். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று சாப்பாட்டில் பாயசம் இருந்தது.

கட்சி மாநாட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கொள்கைச் செயலாளர் கதிர்வேந்தன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாநாட்டில் நூற்றுக்கு நூறு என்று தலைவர் அறிவிக்கப்போவதாகச் சொன்னார். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் நிறைவேறிவிட்டார்களாம். கூடத்தில் பாதிக்கு மேல் நாற்காலிகள் நிறைந்துதானே இருக்கின்றன என்று கேட்டேன். அவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், மதியச் சாப்பாட்டுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரே வரிதான் இருந்தது. நான் நிறைவேறிவிட்டேன். பக்கத்தில் எனக்கான சால்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஒருநாள் அவகாசம் கேட்டேன். வாக்குறுதிகள் அவகாசம் கேட்டதில்லை என்றாலும் கொடுத்தார்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தாள். பெயர் மாராத்தாள். நொச்சித்திட்டில் பரிசல் ஓட்டுகிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். துடுப்புப் போட்டுப் போட்டு வலது தோள் மட்டும் சற்று உயர்ந்திருந்தது.

"மேடையில பாத்ததுக்கு ரொம்ப எளச்சுப்போயிட்டீங்கணா," என்றாள்.

அவள் சொன்ன விஷயம் இது. ஆற்றின் மேற்கே கரட்டுத்துறை என்று ஓர் ஊர். அங்கும் ஒரு பாலம் அறிக்கையில் இருந்தது. அதற்கான வாக்குறுதி போன மாதம் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாளே வருவாய்த் துறை ஆட்கள் வந்து பரிசலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாலம் இருக்கும் இடத்தில் பரிசல் ஓட்டுவது குற்றம். அன்றிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை.

மாராத்தாளின் கணவர் பொங்கியண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் அக்கரையில் உள்ள தாலுகா ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். காலை பத்து மணிக்கு அவருடைய முறை. பரிசலில் போனால் கால் மணி நேரம். ரோட்டில் சுற்றிப் போனால் நாற்பத்தொரு கிலோமீட்டர், பகல் ஒரு மணிக்கு ஒரே ஒரு பஸ்.

"ஒரு வாரம் தவறுனா காலு வீங்கும். ரெண்டு வாரம் தவறுனா மூச்சு வாங்கும். மூணாவது வாரம்னு ஒண்ணு கெடையாதுங்கணா. நீங்க கையெழுத்துப் போட்றாதீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஆறு எவ்வளவு அகலம் என்று அவளிடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்கதானுங்களே பாலம்?"

எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடங்களில் நான் அந்த ஆற்றைப் பார்த்ததில்லை. யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லவுமில்லை. மாடிக்குத் திரும்பி என் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். ஒன்பதாவது வரிசையில் வியர்க்கிறது என்று நான் மனுக் கொடுத்திருக்கிறேன். சாம்பாரில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டிருக்கிறேன். மூன்றாவது தேர்தலில் என் எண்ணைச் சொன்னபோது யாரோ விசிலடித்தார்கள். அந்த விசிலை வைத்துக்கொண்டு பல வருடங்கள் ஓட்டினேன். நிறைவேறிவிட்டால் அடுத்த மேடை கிடையாதே என்று உள்ளுக்குள் பயந்தும் இருக்கிறேன். அப்போதெல்லாம் இந்தப் பெண் மழையிலும் வெயிலிலும் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. முதலில் என்மேல் வந்தது. அதை அங்கேயே வைத்திருந்தால் வசதியாக இருந்திருக்கும், எல்லோருக்கும். ஆகவே எழுந்து கீழே போனேன்.

கதிர்வேந்தனிடம், பாலத்தைக் கட்டுங்கள், கட்டி முடித்த அன்று கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் என் கோப்பை எடுத்துப் பொறுமையாகப் புரட்டினார்.

"இருபத்தாறு வருஷத்தில் நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லையே."

"இப்போது கேட்கிறேன்."

"நீங்கள் கேட்க முடியாது. நீங்கள் கொடுக்கப்பட்டவர்."

மேசையில் இருந்த சால்வையை எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டேன். செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே நின்று, ஐந்நூறு பேரையும் அடைத்து வைத்து மோர்க்குழம்பு ஊற்றுவதற்குப் பெயர் ஆட்சியா என்று கேட்டேன். முதல் வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இருப்பவர்கள் மட்டும் எப்படி இரண்டே மாதத்தில் நிறைவேறினார்கள், அவர்களுக்காக எந்த ஊர்க்காரன் மனுக் கொடுத்தான் என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு சால்வையை எடுத்து மேசையில் வைத்தார். கையெழுத்து சால்வைக்கு மட்டும்தான் தேவை, அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி தலைவரே வந்து பாலத்தைத் திறக்கிறார் என்றார்.

அன்றே மாராத்தாளுடன் பஸ் ஏறினேன்.

ஆறு அகலமானது. இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் குரல் மட்டும் கேட்கும், வார்த்தை கேட்காது. பரிசல் துறையில் கிராம நிர்வாக அலுவலரும் இரண்டு ஆட்களும் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். ஆட்கள் பரிசலின் விளிம்பைப் பிடித்துவிட்டிருந்தார்கள். என் அடையாள அட்டையைக் காட்டி, நான் நிறைவேறவில்லை என்றேன். அலுவலர் ஒரு சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். நிறைவேறாத வாக்குறுதி நேரில் இருக்கும் பரிசலைப் பறிமுதல் செய்ய விதியில் இடமில்லை.

"எறங்குனா எடுத்துக்குவோம் சார். தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார்.

நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பத்து நாட்கள் இறங்கவில்லை. சாப்பாட்டை மாராத்தாள் தூக்குப்போசியில் கொண்டுவருவாள். வட்டமான பரிசலில் காலை நீட்டிப் படுக்க முடியாது, சுருண்டுகொள்ள வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் அக்கரை போய் வந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்மேல் பைகளை அடுக்கினார்கள். வருவாய்த் துறை ஆள் ஒருவர் கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் செவ்வாய்க்கிழமை பொங்கியண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தார். மெலிந்த மனிதர். இடது முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது.

"பாலத்துமேல போலாம்னு பாத்தா, பாலத்தக் கூட்டிக்கிட்டில்ல போறோம்," என்றார் மனைவியிடம்.

பிறகு என்னைப் பார்த்து, "இருவத்தாறு வருசம் என்னதானுங்க பண்ணீட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

உட்கார்ந்திருந்தேன் என்றேன்.

"நானும் எட்டு வருசமா மெசினுக்குப் பக்கத்துல உக்காந்துதான் இருக்கறேன். எனக்கு ரத்தமாச்சும் சுத்தமாவுது."

மாராத்தாள் அவரை அதட்டினாள். அவர் சொன்னது சரிதான் என்றேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அக்கரையில் இரண்டு மூங்கில்களை நட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பேண்டு வாசித்தார்கள். நாங்கள் ஒன்பதேகாலுக்குப் புறப்பட்டோம். நடு ஆற்றுக்கு வந்தபோது ஒரு போலீஸ்காரர் கரையிலிருந்து விசில் ஊதி எங்களை நிறுத்தினார். தலைவர் கடந்து முடிக்கும்வரை பாலத்தில் போக்குவரத்து இல்லை என்றார். மாராத்தாள் துடுப்பை ஆற்றுமணலில் ஊன்றிப் பரிசலை நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் ரிப்பனை வெட்டினார். பாலத்தில் நடக்கத் தொடங்கினார். பின்னால் அமைச்சர்களும் மாவட்ட நிர்வாகிகளும் மகளிர் அணியும் வந்தார்கள். வெள்ளை வேட்டிகள் முதலில் முழங்கால்வரை நனைந்தன, பிறகு இடுப்புவரை. யாரும் வேட்டியை மடித்துக் கட்டவில்லை. கதிர்வேந்தன் தலையில் ஒரு சால்வைக் கட்டைச் சுமந்து வந்தார். மணி ஒன்பது நாற்பது. பொங்கியண்ணன் தன் கால்களை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் பள்ளமாகவே நின்றது.

பரிசலில் எழுந்து நிற்கக் கூடாது. நான் எழுந்து நின்றேன். பரிசல் சுழன்றது. நான் நிறைவேறவில்லை என்று என்னால் முடிந்தவரை உரக்கக் கத்தினேன். இந்த மனிதருடைய நேரத்தை விடுங்கள் என்றும் கத்தினேன். நான் முன்னால் வந்து நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று கூட்டத்துக்குத் தெரியும். இரண்டு கரைகளிலும் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். தலைவர் என்னை அடையாளம் கண்டு கைகூப்பினார்.

தண்ணீர் அவருடைய தாடையைத் தொட்டபோது நின்றார். ஒருவர் ஒலிவாங்கியை உயர்த்திப் பிடித்தார். இந்தப் பாலம் குறுகலாக இருப்பதை இன்று நேரில் கண்டேன், அடுத்த ஆட்சியில் இதை அகலப்படுத்துவோம் என்று தலைவர் அறிவித்தார். கரையில் நின்ற கிராம நிர்வாக அலுவலர் உடனே நோட்டில் எழுதிக்கொண்டு உரக்க வாசித்தார். அகலப்படுத்தும் பணி முடியும்வரை பாலம் மூடப்படுகிறது. அதுவரை பொதுமக்கள் பரிசலைப் பயன்படுத்தலாம். முக்காலிக்காரர் முக்காலியை மடக்கினார். நீங்கள் இனி இறங்கலாம் என்று எனக்குச் சைகை காட்டினார்.

நான் இறங்கவில்லை. மாராத்தாள் ஏற்கெனவே துடுப்பை வலிக்கத் தொடங்கிவிட்டாள்.

அமைச்சர்களுக்கு நடுவிலிருந்து உயரமான ஒருவர் முன்னால் வந்து இரண்டு கரைகளையும் பார்த்துக் கைகூப்பினார். ஐந்நூற்றொன்றாவது வாக்குறுதி. முப்பது வயது இருக்கும். தண்ணீர் அவருக்கு மார்பளவுதான் இருந்தது. கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. அவர் சரியாக எங்கள் பாதையில் நின்றிருந்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் ஒதுங்குங்க. மெசினுக்கு நேரமாச்சு," என்றாள் மாராத்தாள்.

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போய், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று எங்களுக்கு வழிவிட்டார்.