டோக்கன் போட்ட மன்னிப்பு

கோயம்புத்தூர் பம்புக் கண்காட்சியில் தலைகுனிந்து நிற்கிறவரின் கடைக்குத்தான் கூட்டம் வரும். சுழலும் விளக்கு, இலவசப் பேனா, குலுக்கலில் குக்கர் எதற்கும் அங்கே மரியாதை கிடையாது. கடைக்காரர் தான் செய்த எதையோ நினைத்துக் கூனிக் குறுகினால் போதும், மூன்று வரிசை தள்ளி இருப்பவர்களுக்கும் அது தெரிந்துவிடும். கையிலிருக்கும் கரும்புச்சாற்றை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வருவார்கள். நின்று பார்ப்பார்கள், பதிவேட்டில் பெயர் எழுதுவார்கள், போகிற போக்கில் சரக்கும் வாங்குவார்கள். கடை கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் ‘காட்சிப் பொருள்’ என்ற கட்டத்துக்குக் கீழே ‘தலைகுனிவின் விவரம்’ என்று ஒரு கட்டம் உண்டு.

சென்னியப்பன் அந்தக் கட்டத்தில் மூன்று வருடமாக ‘பத்தாம் வகுப்பில் பிட் அடித்தது’ என்றே எழுதி வந்தார். அது யாருக்கு வேண்டும்? பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் பிட் அடித்தவர்கள். அதனால் அவருக்குக் கிடைத்தது கழிப்பறைக்குப் பக்கத்தில் ஐம்பத்தேழாம் எண் கடை. அங்கே வந்தவர்களும் ஆண்கள் பக்கம் எது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவர் விற்றது கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட் வால்வு. மோட்டாரை நிறுத்தினால் ஏறிய தண்ணீர் மறுபடி கிணற்றுக்குள் இறங்காமல் அது பிடித்துக்கொள்ளும். மற்ற வால்வுகள் ஒழுகும்போது விவசாயிகள் சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றி அடைப்பார்கள். சென்னியப்பனின் வால்வுக்குச் சாணி தேவையில்லை. பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எல்லாம் சென்னியப்பனிடம்தான் இருந்தது, அதை அவர் வெளியே எடுக்காமல் வைத்திருந்தார்.

இந்த வருடம் வெள்ளிக்கிழமை காலையிலேயே கண்காட்சிச் செயலாளர் வந்து நின்றார். ஞாயிறு ஐந்து மணிக்குள் பதிவேட்டில் ஐந்நூறு பெயர் ஏறாவிட்டால் அடுத்த வருடம் ஐம்பத்தேழாம் எண் இளநீர்க் கடைக்குப் போய்விடும் என்றார். வருடம் முழுக்கச் சென்னியப்பன் விற்கும் வால்வுக்கு ஆர்டர் வருவது இந்த மூன்று நாளில்தான். கடை போனால் பட்டறையை மூட வேண்டியதுதான், அங்கே வேலை செய்யும் ஒன்பது பேரும் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

எதிர்க் கடைக்காரர் கெட்டிக்காரர். தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்திலேயே ஓடிப்போன பெரியவர் ஒருவரை ஈரோட்டிலிருந்து வாடகைக்கு அழைத்து வந்திருந்தார். காலையில் கூட்டம் நெரிந்தது. மதியத்துக்குள் பெரியவருக்குக் கதை சொல்வதில் ருசி தட்டிவிட்டது, தலையை நிமிர்த்திக் கையை ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் கலைந்தது. வாடகைத் தலைகுனிவு மதியச் சாப்பாட்டுக்கு மேல் தாங்காது.

வெள்ளி முழுக்க ஐம்பத்தேழாம் எண்ணில் பதினொரு பெயர்தான் ஏறியது. பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வளர்மதி சனிக்கிழமை காலை கணவரிடம் சொன்னாள்.

“ஏனுங்க, உள்ள வெச்சிருக்கறத எடுங்க. இன்னும் எத்தன நாளைக்குத்தான் பூட்டி வெப்பீங்க?”

சென்னியப்பன் எடுத்தார். அது இதுதான். அந்த வால்வைக் கண்டுபிடித்தது அவரில்லை, வளர்மதியின் அண்ணன் நாச்சிமுத்து. பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, நடுவில் ஈயக்குண்டு வைத்து, ஆறு மாதம் தன் கிணற்றிலேயே போட்டுப் பார்த்து, ‘ஓட்டிப் பாருங்க மாப்ள’ என்று கொடுத்தவர். உற்பத்தியாளர் சங்க விழாவில் மாலை போட்டு, இது யாருடைய யோசனை என்று மேடையில் கேட்டபோது, “என்னுதுங்க” என்று சென்னியப்பன் சொன்னார். மூன்றாவது வரிசையில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார்.

அந்தக் கைதட்டலைத்தான் சென்னியப்பன் ஒன்பது வருடமாக நினைக்காமல் இருந்தார். இப்போது நினைத்தார். காது மடல் எரிந்தது, கழுத்து தானாக இறங்கியது. நிமிர்வதற்குள் கடை முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். பதினொரு மணிக்கு வரிசை உணவுக் கூடம் வரை போனது. வளர்மதி பேனாவை மாற்றினாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது பெயர் ஏறிக்கொண்டிருந்தபோது வரிசையில் நாச்சிமுத்து வந்தார். கழுத்தில் பார்வையாளர் அட்டை, கையில் மஞ்சப்பை. தன் முறை வரும்வரை காத்திருந்து, மாப்பிள்ளையைப் பொறுமையாகப் பார்த்தார்.

“அத நான் அன்னைக்கே உட்டுட்டனுங்க மாப்ள. குடுக்கறதுக்குத்தான் நேரமே அமையல. இந்தாங்க.”

பைக்குள்ளிருந்து ஒரு மன்னிப்பை எடுத்துக் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தது. டிபன் டப்பா அளவு இருக்கும், கைக்கு இளஞ்சூடாக இருந்தது. வாங்கியதும் சென்னியப்பனின் கழுத்து லேசானது. கூட்டம் உடனே கலைந்தது. பெயரைப் பாதி எழுதிக்கொண்டிருந்தவர் இனிஷியலோடு நிறுத்திவிட்டுப் போனார்.

சென்னியப்பன் காலியான இடத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

“மச்சான், இத நாளைக்கு அஞ்சு மணிக்கு மேல வாங்கிக்கட்டுங்களா?”

நாச்சிமுத்து கோபப்படவில்லை. யோசித்தார்.

“எடுத்தத நான் திரும்பப் பைல போட முடியாதுங்க. ஹெல்மெட்டெல்லாம் வெக்கறாங்களே, அங்க வேணா டோக்கன் போட்டு வெக்கலாம்.”

இருவரும் போய் வைத்தார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள் அதை இரண்டு ஹெல்மெட்டுக்கு நடுவில் செருகி, முப்பத்தொன்று என்று தகர வில்லை கொடுத்தார். நாச்சிமுத்து மஞ்சப்பையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். டீ வாங்கித் தரக்கூடத் தனக்குத் தோன்றவில்லை என்பது அப்போதுதான் சென்னியப்பனுக்கு உறைத்தது.

பழைய வெட்கம் போன இடத்தில் இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்தது. நீட்டிய கையைக் காத்திருக்கச் சொன்ன வெட்கம். வளர்மதியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வால்வைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கூட்டம் தடுப்புக் கம்பியைச் சாய்த்துக்கொண்டு வந்தது. நெரிசல் தாங்காமல் செயலாளர் கழிப்பறையை வேறு இடத்துக்கு மாற்றினார். ஞாயிறு மதியத்துக்குள் முதல் பதிவேடு முடிந்து இரண்டாவதும் நிரம்பியது. அடுத்த வருடம் நுழைவாயிலிலேயே கடை என்று செயலாளர் வந்து கைகுலுக்கினார். சென்னியப்பன் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

ஐந்து மணி அடித்ததும் ஓடினார். கவுண்டர் அம்மாள் வில்லையை வாங்கிக்கொண்டு ஒரு பொட்டலத்தை நீட்டினார். காலண்டர் தாளில் சுற்றியிருந்தது, சில்லென்று இருந்தது. மேலே பென்சிலில் எழுதியிருந்தது: ‘தோப்புக்கு வந்த தண்ணியத் திருப்பிக்கிட்டதுக்கு. பரவால்ல, போ. அக்கா.’

“இது எங்களுது இல்லைங்களே.”

“உங்களுத ரெண்டு மணிக்கே ஒரு பொள்ளாச்சிக்காரர் எடுத்துட்டாருங்க. பார்க்க ஒரே மாதிரி இருந்துச்சு. இதுவும் நல்லதுதானுங்க, இன்னும் பிரிக்கவே இல்ல.”

“அவரு திருப்பிக் குடுப்பாருங்களா?”

“வாசல்லயே பிரிச்சுட்டாருங்க. சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறினாரு.”

சென்னியப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். காரில் வைத்துப் பிரித்தார். தான் ஒருநாளும் திருப்பாத தண்ணீரைப் பற்றி அவருக்கு இனி எந்த உறுத்தலும் இல்லை. மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது.

“உங்க அண்ணன்கிட்ட இன்னொண்ணு கேட்டுப் பார்க்கட்டுமா?” என்றார்.

“ஒரு தப்புக்கு ஒண்ணுதானுங்க” என்றாள் வளர்மதி. வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள். அவள் அழுதது அவருக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை வீட்டுக் கதவைத் திறந்தபோது வாசலில் வரிசை நின்றது. பஸ் ஸ்டாப் வரை போயிருந்தது. சிலர் கையில் சாப்பாட்டு மூட்டையும் இருந்தது. வளர்மதி கோலத்தை மிதிக்காமல் மேசையைப் போட்டு மூன்றாவது பதிவேட்டைத் திறந்து வைத்தாள். பதினேழாவது ஆளாக நாச்சிமுத்து நின்றிருந்தார். கழுத்தில் பார்வையாளர் அட்டை, கையில் ஒன்றுமில்லை.

“மச்சான், நீங்க உள்ள வாங்க” என்று சென்னியப்பன் கூப்பிட்டார்.

“இருக்கட்டுங்க மாப்ள. முன்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

சென்னியப்பன் மேசைக்குப் பக்கத்தில் தன் இடத்தில் வந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார். வளர்மதி முதல் ஆளிடம் பேனாவைக் கொடுத்தாள்.