விரல் போட்டவன்

விரலை எடுப்பதற்கும் விரலைத்தான் வைக்க வேண்டியிருந்தது. லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தண்ணீர்ப் பைப்படியில் நின்றுகொண்டு, அண்ணனின் குரல் பதிவுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் கட்டைவிரல் படத்தை இந்திரஜித் தன் கைபேசியில் மெதுவாகத் தொட்டான். அழுத்தினால் நீங்கிவிடும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. அழுத்தினான். இப்போது பதிவு மட்டும் இருந்தது. அதன் கீழே யாரும் எதுவும் போட்ட அடையாளமே இல்லை.

முன்பக்கத்தில் சாவுத் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு மாலை இறந்துபோன அண்ணன் சிவஞானம், விசாரணையும் கையெழுத்துகளும் முடிந்து, திங்கள் மாலைதான் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தார். இன்று செவ்வாய், அடக்கம். உடலோடு ஒரு பொலித்தீன் பையும் வந்திருந்தது. அதில் கைக்கடிகாரம், பெல்ட், விசில், சார்ஜ் இறங்கிச் செத்துப்போன கைபேசி.

காலையில் தனுஜா அண்ணி அந்தக் கைபேசியை எடுத்து இந்திரஜித்தின் கையில் கொடுத்தாள். "இத சார்ஜில போடுங்க தம்பி. கடைசியா குரூப்புல என்னமோ பேசி அனுப்பிச்சாராம்ல. கேக்கணும்."

"சரி, அண்ணி" என்று வாங்கி, டி.வி.க்குப் பக்கத்து பிளக்கில் சொருகிவிட்டு, நேரே பைப்படிக்கு வந்துவிட்டான். கைபேசி உயிர் பெற்றால் அண்ணி பதிவைத் தேடுவாள். பதிவுக்குக் கீழே விரல் இருக்கும். விரலைத் தொட்டால் பெயர் வரும்.

சிவஞானம் தோட்டத்து ஸ்டோர் என்ற ஆலையில் தேயிலை அரைக்கும் மெஷினில் வேலை பார்த்தார். அது சம்பளத்துக்கு. உயிர் முழுக்க மலைச்சுடர் கரப்பந்தாட்டக் கழகத்தில் இருந்தது. இருபது வருசமாக அவர்தான் செயலாளர், அவர்தான் நடுவர், நெட்டுக்குக் காவலாளியும் அவர்தான். முன்பெல்லாம் ஆட்டம் என்றால் லயம் லயமாக நடந்து போய்க் கூப்பிடுவார். பிறகு பையன்கள் கொழும்புக்கும் பதுளைக் கடைகளுக்கும் கத்தாருக்கும் போய்ச் சிதறியதும், கழகமே கைபேசிக்குள் குடியேறிவிட்டது. நாற்பத்து மூன்று பேர் குழுவில். மைதானத்துக்கு வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர்.

அவருக்குக் குறுஞ்செய்தி என்றால் என்னவென்று தெரியாது. அனுப்பியதெல்லாம் நெடுஞ்செய்திதான். தட்டத் தெரியாததால் பேசியே அனுப்புவார். பந்துக்குக் காற்று அடிக்கும் பம்பை யார் கொண்டுபோனது, கயிறு ஏன் அவிழ்ந்திருக்கிறது, நெட்டை ஏன் யாரும் சுருட்டவில்லை என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு பதிவு. பாதிப் பேர் குழுவை மியூட்டில் போட்டுவிட்டார்கள். மீதிப் பேர் எதைச் சொன்னாலும் ஓகே, ஓகே என்று முப்பது தடவை எழுதினார்கள். கடைசியில் பார்த்தால் ஒருவரும் வேலைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

அதனால்தான் அவர் ஒரு சட்டம் போட்டார். "வேலைய எடுத்துக்கிறவர் மட்டும் வெரல் போடுங்க. ஒருத்தர் போட்டுட்டா மத்தவங்க அத மறந்துடலாம்." கழகத்தில் எடுபட்ட ஒரே சட்டம் அதுதான். மறந்துடலாம் என்று சொன்னதும் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்கு அந்தப் பதிவு வந்தபோது இந்திரஜித் பதுளையில், தான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில், ஒரு கிழவருக்குக் கதவுக் கீல் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் இருபத்தாறு நொடி என்று காட்டியது. முதல் ஐந்து நொடி கேட்டான். நெட்டு நனையுது என்று ஆரம்பித்தது. பத்து நிமிடத்துக்குள் யாரும் விரல் போடாவிட்டால் அண்ணன் அவனுக்குத்தான் அழைப்பார், அழைத்தால் கால் மணி நேரம் போகும். கடை பூட்டிவிட்டுப் போய்ச் சுருட்டிக்கொள்ளலாம் என்று விரலைப் போட்டுவிட்டு அடுத்த கீல் பெட்டியைத் திறந்தான். சோம்பல்தான், வேறொன்றும் இல்லை.

முழுப் பதிவையும் அவன் கேட்டது அன்று மாலை, ஆஸ்பத்திரி நடைபாதையில், எல்லாம் முடிந்த பிறகு. ஒரு நிமிடம் வரை நெட்டு. கடைசி இருபத்தாறு நொடிதான் நெஞ்சு. அதைக் கேட்டதிலிருந்து அவன் ஒருவாய் சோறு தின்னவில்லை. அண்ணன் செத்ததற்கு அழவேண்டிய அழுகையைக்கூடப் பயம் வந்து பிடித்துக்கொண்டது.

பைப்படியில் முகத்தைக் கழுவிக்கொண்டு அவன் முன்பக்கம் வந்தபோது, மேல் லயத்துக் கருப்பம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அண்ணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒப்பாரி ஓய்ந்து பேச்சாகியிருந்தது.

"நான் வெறகுக் கட்டோட வாறேன் தாயி, நாலு மணி இருக்கும். நெட்டுக் கம்பத்துல சாஞ்சு குந்தியிருக்காரு. என்னாங்க இங்க குந்தியிருக்கீங்க, மழ வருதுன்னேன். 'நீ போ கருப்பம்மா, எனக்கு ஆள் வருது'ன்னாரு. போனக் காட்டிச் சிரிச்சாரு. நானும் நம்பிக்கிட்டு வந்துட்டேனே."

இந்திரஜித் வாசலிலேயே நின்றான். அண்ணன் விரலைப் பார்த்திருக்கிறார். தம்பி வருகிறான் என்று, வேறு யாரையும் கூப்பிடாமல், கருப்பம்மாவையும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இது அவனுக்கு இதுவரை தோன்றியிருக்கவில்லை.

அண்ணியின் மூத்த சகோதரர் ராமாமிர்தம் அப்புத்தளையிலிருந்து வந்திருந்தார். ஊரில் சங்கத் தலைவர். எதையும் விசாரித்துத்தான் பழக்கம். அவர் எழுந்து நின்றார்.

"ஆள் வருதா? யாரு வாறேன்னு சொன்னது?"

வாய்க்கால் ஓரமாக நீல ஜெர்சியில் நின்ற கழகத்துப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலர் அன்று விரலைக் கண்டிருப்பார்கள், யாருடையது என்று தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்டேன் என்று சொன்னால் கண்டும் போகவில்லை என்றாகிவிடும். அதனால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"இத்தன பேரு ஒரே குரூப்புல இருக்கீங்க. ஒருத்தருக்குக்கூடத் தெரியாதா?"

அஸ்ஹர்தான் முன்னால் வந்தான். சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். அவன் பந்தை உயர்த்திக் கொடுத்தால்தான் மலைச்சுடருக்குப் புள்ளி. ஞாயிறு மாலை, மாட்டுக்குப் புல்லறுக்கப் போனவர் போட்ட சத்தத்தைக் கேட்டு ஓடிப்போய், சிவஞானத்தை முதுகில் தூக்கிப் படியேற்றி, தன் வண்டியில் பதுளைக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். அதிலிருந்து வீட்டுக்குக் குளிக்க மட்டுமே போய் வந்தான்.

"அன்னைக்கி வெரல் விழுந்திருந்திச்சிண்ணே" என்றான். "நான் பாத்தேன். யாரோ போறாங்கன்னுதான் நான் ஒரு ஆள ஏத்திக்கிட்டு ஹயருக்குப் போனேன்."

"யாரு வெரல்?"

அஸ்ஹர் தயங்கினான். "இருங்க, காட்டுறேன்."

கைபேசியை எடுத்துத் தள்ள ஆரம்பித்தான். ஞாயிறிலிருந்து குழுவில் அனுதாபம் கொட்டியிருந்தது. தாமரைப் படம், விளக்குப் படம், கண்ணீர் வடிக்கும் முகம், விசிலோடு நிற்கும் அண்ணனின் அதே ஒரு புகைப்படம் நாற்பது தடவை. தள்ளித் தள்ளி மாளவில்லை. அவ்வளவு நேரம் இருந்தது இந்திரஜித்துக்கு. நான்தான் என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்ல ஓரடி முன்னால் வைத்தான். பெட்டிக்குப் பக்கத்தில் அண்ணி முகத்தைத் துடைத்துவிட்டு அஸ்ஹரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

அஸ்ஹரின் விரல் நின்றது. திரையைப் பார்த்தான். இன்னொரு தரம் பார்த்தான், பதிவுக்குக் கீழே எதுவும் இல்லை. பிறகு நிமிர்ந்தான். அத்தனை பேர் நிற்க, பெயரை அன்றே பார்த்துவிட்டவன் போல, அவன் பார்வை வேறெங்கும் அலையாமல் நேரே இந்திரஜித்திடம் வந்தது. கோபம்கூட இல்லை அதில். இந்திரஜித் சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினான், அது ஏற்கெனவே போட்டிருந்தது.

"என்னப்பா, காட்டு" என்றார் ராமாமிர்தம்.

"இல்லண்ணே. நான் வேற நாள் மெசேஜ நெனச்சிட்டேன்."

"இப்பத்தான பாத்தேன்ன?"

"பாக்கல. ஹயர்ல இருந்தேன். பாக்கவே இல்ல."

"சந்தியிலதான் வண்டிய போட்டுக்கிட்டு நிக்கிற. பத்து நிமிசத்துல எறங்குற எடம். பாக்கலியாம்" என்று ராமாமிர்தம் சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். யாரோ உச்சுக்கொட்டினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை. அஸ்ஹர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சிருங்க அக்கா" என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னான். அண்ணி முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கழகம் தூக்குவதென்று முதலே பேச்சு. இந்திரஜித் முன்பக்கம் தோள் கொடுத்தான். எதிர்ப்பக்கத்துக்கு அஸ்ஹர் குனிந்தபோது ராமாமிர்தம் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ விடுப்பா. ஆளிருக்கு."

அஸ்ஹர் கையை எடுத்தான். அந்த இடத்துக்கு வேறொருவன் வந்தான். தேயிலைக்கு நடுவே இறங்குகிற பாதையில் பெட்டி சாய்ந்து சாய்ந்து போனது, முழுப் பாரமும் முன்னால் தோள் கொடுத்தவர்கள் மேல் விழுந்தது. அண்ணன் இத்தனை கனமாக இருப்பார் என்று இந்திரஜித் நினைத்திருக்கவில்லை. மண் போட்டு முடிந்து எல்லோரும் வாய்க்காலில் கைகால் கழுவும்போது பார்த்தான். அஸ்ஹர் அங்கே இல்லை.

அன்று மாலையே கத்தாரிலிருந்து நௌபர் குழுவில் எழுதினான். சிவஞானம் அண்ணனுக்கு அடுத்தபடி குழுவை நடத்தும் உரிமை அவனிடம் மட்டும்தான் இருந்தது. 'அண்ணன் விட்ட இடத்தில் இனி நம்ம இந்திரஜித் அண்ணன்தான் செயலாளர். எல்லாருக்கும் சம்மதமா?'

விரல்கள் விழுந்தன. பத்து, பதினெட்டு, முப்பத்தொன்று. வேலையை எடுத்துக்கொள்கிறவன் மட்டும்தான் போடவேண்டும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அவற்றுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. அஸ்ஹர் வெளியேறினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கும் கீழே, கொழும்பிலிருந்து ஒருவன் வாழ்த்துகள் என்று எழுதினான்.

மறுநாள் பிற்பகல் வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. ராமாமிர்தம் அப்புத்தளைக்குப் போய்விட்டார். அண்ணியை உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அடுப்படிக்கும் விளக்கு வைத்த மூலைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். இந்திரஜித்தைக் கண்டதும் அண்ணனின் கைபேசியை எடுத்து வந்தாள்.

"மேல தள்ளித் தள்ளிப் பாக்குறேன் தம்பி, ஒரே பூவும் வெளக்குமா வருது. அவரு பேசினது எங்கன்னு தெரியல. எடுத்துக் குடுங்க."

அவன் வாங்கித் தள்ளினான். தாமரைகளைத் தாண்டி, விளக்குகளைத் தாண்டி, ஞாயிறு மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தான். பதிவை அழுத்திக் கொடுத்தான். அண்ணி அதைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் அந்தச் சின்ன அறையில் எல்லாம் கேட்டது. நெட்டு, கயிறு, பம்பு. மைதானத்தில் காற்று அடிக்கும் சத்தம். பிறகு அண்ணன் மூச்சு வாங்கினார்.

"அப்புறம்… படியேற முடியல. நெஞ்சுல என்னமோ அமுக்குற மாதிரி இருக்கு. யாராச்சும் ஒருத்தர் கீழ வந்தா நல்லாருக்கும். அவசரமில்ல. கைவேலைய முடிச்சிட்டு வாங்க."

அண்ணி அழவில்லை. கைபேசியை முன்னால் பிடித்து, பதிவுக்குக் கீழே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள்.

"யாருமே பதில் போடலியா, தம்பி?"

வெளியே பக்கத்து வீட்டு றுஸைனா கழுவிய பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் முடியும்வரை இந்திரஜித் வாசல் பக்கம் திரும்பியிருந்தான். அண்ணி காத்திருந்தாள்.

"இல்ல, அண்ணி."

அவள் தலையாட்டினாள். உள்ளே போனாள். பால் விடாத சாயத்தண்ணியும் சீனிப் போத்தலுமாகத் திரும்பி வந்து அவனுக்கு எதிரில் முதல்முறையாக உட்கார்ந்தாள்.

"அப்ப கருப்பம்மாகிட்ட பொய் சொல்லியிருக்காரு" என்றாள். "ஆள் வருதுன்னு. கல்யாணம் கட்டி இருவத்தாறு வருசத்துல எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல அந்த மனுசன்."

இந்திரஜித் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் வரலன்னு அவகிட்ட சொல்ல வெக்கமா இருந்திருக்கும். அதான் சிரிச்சிருக்காரு." அவள் போத்தலைத் திறந்து கரண்டியில் சீனி எடுத்தாள். "கைய நீட்டுங்க, தம்பி."

சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே சாயத்தண்ணி குடிப்பது அங்கே வழக்கம். அவன் நீட்டினான். அண்ணி உள்ளங்கையில் சீனியைப் போட்டு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"குடிங்க. மூணு நாளா ஒண்ணும் சாப்புடல நீங்க."

அவன் கையை மடக்கவும் இல்லை, வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை. சாயத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. சீனி உள்ளங்கையில் மெல்ல ஈரமாகிக் கரைந்துகொண்டிருந்தது.