ஏலக்காரரின் நாடி

ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அந்த ஒரு வருடமும் தூங்க முடியாது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டான்.

கையில் ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கான அவசரப் படிப்பு அது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருந்த அந்தக் கல்லூரியில் மார்லிஸ் குச்சேராவோடு ஒரு வக்கீல், ஒரு வங்கிக்காரி, பாதிரியாருக்குப் படித்து மனசு மாறிய ஒருத்தர் என்று கதம்பமாக ஒரு வகுப்பு. மார்லிஸின் பட்டம் டிரம் வாசிப்பதில். சிரிக்க வேண்டாம், அதையும் நாலு வருடம் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு பேண்டு சொல்லிக்கொடுத்தாள். நாற்பதை நெருங்கும்போது, காதும் மனசும் போதும் போதும் என்றதால் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள்.

இந்தப் படிப்பில் ஒரு பாடத்தில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். திரும்ப எழுதுவது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்வது எதுவும் கிடையாது. இன்றைக்கு வார்டில் கடைசிப் பரீட்சை. உயிருள்ள நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியை லூயெல்லா குரோன் வாசலில் நின்று மதிப்பெண் போடுவார்.

"வாயால பாஸ் ஆகுறதுன்னா நீ எப்பவோ டாக்டரே ஆயிருப்ப," என்றான் வக்கீல் டெஸ்மண்ட், லிஃப்டில்.

"போடா. கோர்ட்ல பொய் சொல்லிப் பொழச்சவன் நீ. உனக்கு என்ன தெரியும்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கல்லூரிப் பயிற்சி அறையில் படுத்திருப்பது ரப்பர் பொம்மை. அங்கே இருக்கும் குழாயில் தண்ணீர் வராது. எனவே கையைக் காற்றில் தேய்த்து, "கை கழுவியாச்சு" என்று சத்தமாகச் சொன்னால் மதிப்பெண். பொம்மையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து "எழுபத்திரண்டு" என்று குரல் வரும். எதையும் சொன்னால் போதும், செய்தமாதிரிதான். மார்லிஸ் மணிமணியாகச் சொல்லுவாள்.

வார்டில் படுத்திருந்தவர் வெர்லின் ஹாக். வயது எண்பதை நெருங்கும், சிவந்த முகம், வெள்ளை மீசை. இதயத் துடிப்பு தாறுமாறாகி வந்து சேர்ந்தவர். மார்லிஸ் உள்ளே நுழைந்து, தன் பெயரைச் சொல்லி, இரண்டு கையையும் காற்றில் பரபரவென்று தேய்த்தாள்.

"கை கழுவியாச்சு!"

வெர்லின் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, மந்திரம் ஏதும் போடுறியா? தண்ணி அந்தப் பக்கம் இருக்கு."

மார்லிஸுக்குக் காது வரை சுட்டது. ஐயோ கடவுளே! ஓடிப்போய் நிஜக் குழாயில், நிஜ சோப்பில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"நோயாளியைத் தொடறதுக்கு முன்னாடி திருத்திக்கிட்டதால விடறேன்," என்றார் குரோன். "இன்னொண்ணு நடந்தா அவ்வளவுதான், மார்லிஸ்."

அடுத்தது இதய மாத்திரை. அதைக் கொடுப்பதற்கு முன் நெஞ்சில் காது வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது; டாக்டரைக் கூப்பிட வேண்டும். மார்லிஸ் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள்.

"என் தொழில் என்ன தெரியுமா?" என்றார் வெர்லின். "மாட்டு ஏலம். இந்தச் சுத்துவட்டாரத்துல என் குரல் கேக்காத சந்தை கிடையாது. அம்பது, அம்பது, அம்பத்தஞ்சு யாரு? அறுபது, அறுபது, அந்தத் தொப்பிக்காரர் அறுபது, எழுபது கேக்கிறாரு..."

மூச்சே விடாமல் மனிதர் பொழிந்தார். மார்லிஸின் எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. இருபத்தேழுக்கு அடுத்தது எழுபதா, இருபத்தெட்டா? நிமிடம் முடிந்தது.

"எவ்வளவு?" என்றார் குரோன்.

எழுபத்திரண்டு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வருடம் பூராவும் சொல்லிச் சொல்லிப் பழகிய எண். மார்லிஸ் அதை அப்படியே விழுங்கினாள்.

"தவறிடுச்சு, மேடம். திரும்ப எண்ணணும்."

குரோன் எதையோ குறித்துக்கொண்டார். பாஸா பெயிலா, அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் யாரோ கூப்பிட, அவர் நடைவழிப் பக்கம் திரும்பினார்.

வெர்லின் தலையணையிலிருந்து நிமிர்ந்து கிசுகிசுத்தார். "அறுபத்திநாலுன்னு சொல்லிடு. நீயும் பாஸ், நானும் வீட்டுக்குப் போயிடுவேன். நாளைக்கு என் சொந்த மாடுங்க ஏலம். எம் மவன் எனக்குப் பதிலா ஏலம் விட லெஸ்டர் ஹூட்டைக் கூப்பிட்டிருக்கான். அந்த லெஸ்டர் வாயைத் தொறந்தா கண்ணுக்குட்டி கூட கொட்டாவி விடும்!"

அப்போதுதான் மார்லிஸுக்கு உறைத்தது. அட, கிழவர் வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குழப்புகிறார். காலையில் வந்த நர்ஸிடமும் இதே வித்தைதான் காட்டியிருப்பார். எத்தனை பேர் சிரித்துவிட்டு, குத்துமதிப்பாக எழுதிவிட்டுப் போனார்களோ?

அவள் ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி வைத்தாள். ஏலம் மறுபடி தொடங்கியது. இந்த முறை அவள் எண்களை விட்டுவிட்டாள். வாத்தியக் குழுவில் ஐம்பது பேர் காதருகே முழங்கும்போது, தன் முறை வரும்வரை டிரம்காரர் காலால்தான் கணக்கு வைப்பார். நாலு துடிப்புக்கு ஒரு கட்டு. கட்டிலுக்கடியில் அவள் செருப்பு தட்டியது, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு விரல் மடங்கியது; விரல்கள் தீர்ந்ததும் மறுபடி முதல் விரல். வெர்லின் நூறைத் தாண்டி ஆயிரத்துக்குப் போனார். போகட்டுமே!

குரோன் திரும்பி வந்தார். "என்னது, டான்ஸா?"

நிமிடம் முடிந்ததும் மார்லிஸ் நிமிர்ந்தாள். பதின்மூன்று கட்டு. வெர்லின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அறுபத்திநாலு என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம்.

"அம்பத்திரண்டு, மேடம். மாத்திரை குடுக்கக் கூடாது."

குரோன் தன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். இந்த முறை வெர்லின் வாயைத் திறக்கவில்லை; சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முழு நிமிடம் கழித்து குரோன் தலையசைத்தார். "சரியா இருக்கு. டாக்டருக்குச் சொல்லு."

மத்தியானம் டெஸ்மண்ட் சொல்லித்தான் பாஸ் என்று தெரிந்தது. மார்லிஸ் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாள். மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வார்டுக்கே திரும்பிப் போனாள்.

"என் ஏலத்தைக் கெடுத்துட்டே," என்றார் வெர்லின், சுவரைப் பார்த்தபடியே.

"ஆமாம், கெடுத்துட்டேன். எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

அவர் போர்வையை நீவினார். "காலையில பாத்ரூம்ல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. கதவைப் பிடிச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை." குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கு வருவேல்ல?"

"இல்ல, மிஸ்டர் ஹாக். இங்க என் முறை இன்னையோட முடிஞ்சுது."

"அப்போ நாளைக்கு யாரு எண்ணுவா?" இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "இவங்ககிட்ட நான் பேச ஆரம்பிச்சா, சிரிச்சுட்டுப் போயிடுறாங்கம்மா."

மார்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் அருகில் உட்கார்ந்தாள்.

"அப்போ நாளைக்கு அந்த ஒரு நிமிஷம் நீங்கதான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

"ஒரு முழு நிமிஷமா?" என்றார் வெர்லின் அதிர்ந்துபோய்.

"ஒரு முழு நிமிஷம். இப்பவே இருந்து காட்டுங்க, பார்ப்போம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மீசைக்கடியில் உதடுகளை இறுக மூடிக்கொண்டு, அவள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.