அக்காவின் பேருந்து நின்ற பாலம்

காலை நெரிசல் தொடங்குமுன்பே பொறியாளர் ஆற்றுப் பாலத்தின் தளத்தில் சங்கிலிகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். காங்கிரீட் நன்றாக இருந்தால் கணீரென்று சத்தம் வரும். பாதிப் பாலம் வரை அப்படித்தான் வந்தது. நடுத்தூணைத் தாண்டியதும் காலிப் பெட்டியின் மேல் இழுப்பதுபோல் தொம்தொம்மென்று கேட்டது; உள்ளே காங்கிரீட் பிளந்திருந்தால்தான் அப்படிக் கேட்கும். மேலே ஒரு கீறல்கூட இல்லை.

மண்டியிட்டுச் சுத்தியலால் தட்டித் தட்டி, அப்படிக் கேட்ட இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டாள். ஒரு லாரி நிற்கும் அளவுக்கு வட்டம் பெருத்துவிட்டது.

மேலதிகாரி போனில் தயங்கினார். "துளை போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே? இப்ப மூடினா ஊரே நம்மள வறுத்தெடுத்துடும்."

"அதுவரைக்கும் கனமான வண்டி எதுவும் போக வேண்டாம் சார். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

"சரிம்மா, மூடு."

தடுப்பை இழுத்து வைத்ததும் முதலில் வந்து நின்ற பேருந்தை ஓட்டி வந்தது அவளுடைய அக்கா. முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகும்போது தங்கை அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அக்கா குதித்து இறங்கினாள். "ஊர்ல என் வண்டிதான் கெடைச்சுதா உனக்கு?"

"நீ ஓட்டுறேன்னு தெரிஞ்சு நிறுத்தலக்கா." சுத்தியலை நீட்டினாள். "நீயே தட்டிப் பாரு."

அக்கா கோட்டுக்கு வெளியே தட்டினாள்; கணீரென்றது. உள்ளே தட்டினாள்; தொம்மென்றது. இன்னொரு தடவை தட்டினாள். சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நேத்து நிக்க எடமில்லாத கூட்டத்தோட இது மேலதான்டி போனேன்."

பேருந்துக்குள் கூச்சல். "வேலைக்கு நேரமாகுதுல்ல!"

அக்கா படியேறி நின்றாள். "எல்லாரும் எறங்குங்க. ஓரத்து நடைபாதை நல்லாத்தான் இருக்காம். அக்கரைக்கு வேற வண்டி வரச் சொல்லிடறேன். காசு குடுத்து ஜிம்முல நடக்கிறவங்க இன்னிக்கு ஓசியில நடங்க!"

யாரோ சிரித்துவிட்டார்கள். கோபம் பாதி அங்கேயே தணிந்தது. நடக்கச் சிரமப்பட்ட ஒரு பெரியவரின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவரைக் கைத்தாங்கலாக அக்காவே அக்கரையில் கொண்டுபோய் விட்டாள்.

மத்தியானம் துளையிட்டு எடுத்த காங்கிரீட், முழு உருளையாக வராமல் இரண்டு துண்டாக வந்தது. நடுவில் கம்பி துருத் தூளாக உதிர்ந்தது. நேரில் வந்திருந்த மேலதிகாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "காத்திருந்தா..." என்றவர் போய்த் தடுப்பு உறுதியாக நிற்கிறதா என்று அசைத்துப் பார்த்தார்.

பாலத்தைச் சரிசெய்து முடிக்கும்வரை பேருந்துகளைச் சுற்றுவழியில் விட்டார்கள். சில நாள் கழித்து, வேலை முடிந்து சீருடையோடு அக்கா, தங்கையின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"உன்னால ஊரையே சுத்தி வரேன். இடுப்பு கழண்டுபோச்சு. அம்மா எங்க?"

"யாரு, பெரியவளா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அக்கா செருப்பை உதறிவிட்டு நேராக அம்மா கட்டிலுக்குப் போனாள். "உன் செல்ல மக ஒருத்தரையும் கேக்காம பாலத்தையே மூடிட்டாம்மா. சொல்லி வை."

"என்னையே கேக்காமத்தான தூக்கிட்டு வந்தா" என்றாள் அம்மா.

இருவரும் சேர்ந்து வண்டி வண்டியாகத் திட்டியதைக் கேட்டபடி, தங்கை அடுப்பில் காப்பிக்குப் பால் வைத்தாள்.